மௌத்தாகாதவர்கள்

மட்டக்களப்பு வாவிக்கரையில் பேய்க்கதைகளுக்குப் பஞ்சமில்லை. நான் சொல்ல வருவது பிக்ஹு நூல்கள் படைத்த ஓர் இனத்தை: மஃப்கூத், தடமின்றிக் காணாமற் போனவன். ஹனபி மத்ஹபில் தன் சொத்தைப் பொறுத்தவரை அவன் உயிரோடிருக்கிறான், யாரும் பங்கு வைக்க முடியாது. பிறர் சொத்தைப் பொறுத்தவரை மௌத்தானவன், வாரிசாக மாட்டான்.

1990இல் இந்த இனம் இங்கே பெருகியது. ஜூலை 12இல் குருக்கள்மடத்தில் புலிகள் கடத்திய முஸ்லிம் பயணிகள். செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து இராணுவம் கொண்டுபோன 158 தமிழர்.

சொத்து காத்திருக்கும். மனைவி? இமாம் ஷாபிஈயின் பிந்திய கருத்துப்படி, மரணம் உறுதியாகும் வரை அவளும் காத்திருக்க வேண்டும். அவன் சாகாதிருப்பதற்கான விலையை அவளே கொடுக்கிறாள்.

ஆனால், மரணச் சான்றிதழ் வேண்டாம் என்கிற தாய்மாரைப் பிடிவாதக்காரர் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கடதாசி கொண்டுபோனவனின் கணக்கையும் மூடிவிடக்கூடும். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 'ஆளைக் காணவில்லை' என்று மட்டும் சான்றளிக்க வழி செய்தது இதனால்தான்.

உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பில் நான்கு வருடக் காத்திருப்பு, பின்னர் நான்கு மாதம் பத்து நாள் இத்தா, அதன்பின் அவள் மறுமணம் செய்யலாம். அவன் திரும்பி வந்தால், மனைவியா மஹரா என்று தெரிவு செய்யும் உரிமை அவனுக்குண்டு. (இந்தப் பிற்பகுதியை நம் பயான்களில் நான் கேட்டதில்லை.) அவளை விடுவிக்க மையித்து தேவைப்படவில்லை. ஆகவே பஸ்ஹ் கேட்டுக் காழியிடம் போகிறவள் அவனைச் சாகடிக்க வேண்டியதில்லை. அவனுடைய உம்மா கொடுத்த முறைப்பாடும் மூடப்படாமல் இருக்கட்டும்.