ஏற்றுக்கொண்ட வாசல்

விரும்பிய பல்கலைக்கழகம் இடமில்லை என்றது. வேறொரு கல்லூரி ஏற்றுக்கொண்டது. அங்கே ஓரிரு ஆண்டுகள் கற்றபின், முன்பு மறுத்த இடத்துக்கே மாறிச் செல்ல விண்ணப்பிக்கும் வழி அமெரிக்காவில் உண்டு. கலிபோர்னியா மாநிலம் 1960ஆம் ஆண்டு வகுத்த உயர்கல்வித் திட்டத்தில், சமுதாயக் கல்லூரிகளில் இரண்டாண்டு பயின்று வருவோருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடம் ஒதுக்கியது.

ஆனால், விட்டுப் போகும் எண்ணத்தோடு ஓரிடத்தில் நுழைவது ஏற்றவர்களுக்குச் செய்யும் துரோகமாகாதா?

பிள்ளைகளே, உயர விரும்புவது குற்றமன்று. இருக்கும் இடத்தை இகழ்வதே குற்றம். இரண்டாண்டு முடித்து மாறுவோரிடம் பெரிதும் நோக்கப்படுவது, இப்போதைய கல்லூரியில் பெற்ற புள்ளிகளே. பல இடங்களில் அங்குள்ள விரிவுரையாளரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். வெறும் தரிப்பிடமாக நீங்கள் எண்ணிய வகுப்பறையிலிருந்தே உங்களுக்குரிய சாட்சியம் வரவேண்டியிருக்கிறது!

ஆகவே, தாராளமாகத் திட்டமிடுங்கள். எந்தப் பாடங்கள் அங்கே கணக்கில் கொள்ளப்படும் என்பதைத் தொடக்கத்திலேயே விசாரித்து அறியுங்கள். அதேவேளை கற்பிப்பவரை மதியுங்கள், அருகிலிருப்பவரோடு உறவாடுங்கள். அனுமதி கிடைத்தால் நன்றியோடு விடைபெறலாம். கிடைக்காவிட்டாலும் அந்த ஆண்டுகள் வீணாகா.

பெற்றோரே, பிள்ளையை ஏற்றுக்கொண்ட கல்லூரியின் பெயரைச் சொல்ல நீங்களே கூசினால், பிள்ளை அதை எப்படி மதிக்கும்?