எல்லோருக்கும் நண்பன் என்றால் துப்பாக்கி எதற்கு?

நான் தேசிய சேவைக்குப் போவதற்கு முந்தைய நாள் எங்க பாட்டி ஒரு கேள்வி கேட்டாங்க. "நம்ம நாடு எல்லாரோடயும் நல்லாத்தானே இருக்கு? அப்புறம் உனக்கு எதுக்குய்யா துப்பாக்கி?" பதில் தெரியாமல் சிரித்து மழுப்பிவிட்டு, மறுநாள் தெக்கோங் தீவுக்குப் படகேறிவிட்டேன்.

நம் வெளியுறவு அமைச்சர் டாக்டர் விவியன் பாலகிருஷ்ணன் 2022 பிப்ரவரி 28ஆம் தேதி நாடாளுமன்றத்தில் பேசியதைப் படித்தபோது அந்தக் கேள்வி திரும்ப வந்தது. ரஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் நுழைந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அனைத்துலகச் சட்டம் சிறிய நாடுகளுக்கு இன்றியமையாதது. ஆனால் அது மட்டும் போதாது, நம்மை நாமே காத்துக்கொள்ளும் திறனும் வேண்டும், அதற்குத்தான் தேசிய சேவை என்பதே அவர் பேச்சின் சாரம்.

உக்ரேன் 1994இல் தன் மண்ணிலிருந்த அணுவாயுதங்களைக் கைவிட ஒப்புக்கொண்டது. பதிலுக்கு அதன் எல்லைகளை மதிப்போம் என்று ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் புடாபெஸ்ட்டில் கையெழுத்துப் போட்டன. அந்தக் கையெழுத்து எல்லையைக் காப்பாற்றவில்லை.

அப்படின்னா பலம்தான் எல்லாமா? இல்லை. பலமே நியாயம் என்று நாம் சொன்னால், படையெடுத்தவனின் வாதத்தையே நாமும் பேசுகிறோம். 1983இல் அமெரிக்கா கிரெனடா என்ற குட்டித் தீவுக்குள் படையோடு நுழைந்தது. அமெரிக்கா நமக்கு நண்பன்தான். ஆனாலும் ஐநா பொதுச் சபையில் அதற்கு எதிரான தீர்மானத்தை சிங்கப்பூர் ஆதரித்தது. நட்பு என்பது தவற்றைப் பார்த்தும் வாய்மூடி இருப்பது கிடையாது.

கிருஷ்ணன் தூது நமக்கெல்லாம் தெரிந்த கதை. பாண்டவர்களிடம் ஏழு அக்குரோணி சேனை தயாராக இருந்தது. இருந்தும் ஐந்து ஊர் கொடுத்தால் போதும் என்றுதான் கண்ணன் கேட்டான். படை இருந்ததால் அந்தத் தூது பொய்யாகிவிடவில்லை. ஐந்து ஊர் கிடைத்திருந்தால் சேனை கலைந்து வீட்டுக்குப் போயிருக்கும். ஒரு படை தர்மத்தின் பக்கம் நிற்கிறதா என்று பார்க்க, எனக்குத் தெரிந்த சோதனை இதுதான்: பேச்சு ஜெயித்தால் வீடு திரும்ப அது மனசாரத் தயாரா?

இந்தச் சோதனையில் தேசிய சேவையாளன் சுலபமாகத் தேறிவிடுவான். 1967இலிருந்து நம் படை பெரும்பாலும் மாணவர்களாலும் வேலைக்குப் போகிறவர்களாலும் ஆனது. சனி ஞாயிறு எப்போ வரும், வீட்டுச் சாப்பாடு எப்போ கிடைக்கும் என்று காத்திருந்தவர்கள் நாங்கள். தூதர் பேசி ஜெயிக்கணும் என்று எங்களைவிட அதிகமாக வேண்டிக்கொள்கிறவர் யார்?

பாட்டி, அந்தத் துப்பாக்கி நட்பை முறிக்க இல்லை. நம்ம தூதர் பயமில்லாமல் நியாயத்தைப் பேசணும், அதுக்குத்தான்.