கொல்லாதே, ஆனால் துரத்து: இடைக்கால ஐரோப்பாவில் யூதர் வெளியேற்றம்

இங்கிலாந்து 1290இலும், பிரான்சு 1306இலும் மீண்டும் 1394இலும், ஸ்பெயின் 1492இலும் தம் மண்ணிலிருந்து யூதர்களை வெளியேற்றின. ஆணையிட்ட மன்னர்கள் எல்லாரும் கிறித்தவர்கள். பக்தியின் பெயராலேயே ஆணையிட்டவர்கள். ஆனால் யூதர்களைக் கிறித்தவர் நடுவில் வாழவிட வேண்டும் என்பதே திருச்சபையின் நெடுங்காலப் போதனை. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடிந்தது என்பது சமயச் சிந்தனை வரலாற்றின் கடினமான கேள்விகளில் ஒன்று.

அந்தப் போதனையை வகுத்தவர் புனித அகஸ்டின் (354–430). கிறிஸ்துவைப் பற்றிய முன்னறிவிப்புகளைக் கிறித்தவர்களே எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள் என்று புறமதத்தார் ஐயுற்ற காலம் அது. அதே மறைநூல்களைக் கிறிஸ்துவை ஏற்காத யூதர்களும் கையில் வைத்திருக்கிறார்களே, அதைவிடச் சான்று வேண்டுமா என்று அகஸ்டின் கேட்டார். பகைவரைக் கொல்ல வேண்டாம், சிதறடித்தால் போதும் என்று 59ஆம் சங்கீதம் இறைவனிடம் வேண்டுவதை யூதர்களுக்குப் பொருத்திக் காட்டினார். அவர்கள் சிதறியும் தாழ்ந்தும் வாழ்வார்கள். ஆனால் வாழ்ந்தாக வேண்டும். இதையொட்டி 598இல் போப்பாண்டவர் முதலாம் கிரகோரி, யூதர்களின் சட்டப்படியான உரிமைகளைப் பறிக்கலாகாது என்று எழுதினார். 1120 வாக்கில் இரண்டாம் கலிக்ஸ்துஸ் வெளியிட்ட பாதுகாப்பு ஆணையைப் பின்வந்த போப்பாண்டவர்கள் பலர் புதுப்பித்தார்கள்.

இந்தப் பாதுகாப்பின் பலவீனம் அதன் அடித்தளத்திலேயே இருந்தது. யூதன் மனிதன் என்பதற்காக அவனுக்கு வாழ்வு தரப்படவில்லை. மற்றவர்களுடைய உண்மைக்குச் சாட்சி என்பதற்காகத் தரப்பட்டது. சாட்சியால் பயனில்லை என்று யாராவது வாதிட்டுவிட்டால், வாழும் உரிமையும் அதோடு போய்விடும். அப்படி வாதிட்டவர்களும் வந்தார்கள். பெற்றோர் விருப்பத்தை மீறி யூதக் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பது இயற்கை நீதிக்கு எதிரானது என்று இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் மறுத்திருந்தார். அடுத்த தலைமுறையின் டன்ஸ் ஸ்கோட்டஸ் அதை அரசன் செய்யலாம் என்றார். எஞ்சிய யூதர்கள் கடைசியில் மனம் மாறுவார்கள் என்ற முன்னறிவிப்பு பொய்க்காதிருக்க ஒரு சில யூதர்களை எங்கோ ஒரு தீவில் வைத்துக் காப்பாற்றினால் போதும் என்றும் எழுதினார். ஒரு மக்கள் கூட்டம் முழுவதையும் வாதத்துக்குத் தேவையான மாதிரிப் பொருளாகச் சுருக்கிய இந்தக் கருத்து, வாளை எடுக்காமலே செய்த கொடுமை.

ரபிமாரின் சட்ட விளக்க நூலான டால்முட் மீதான வழக்கும் இதே திசையில் சென்றது. பாரீசில் 1240இல் விசாரணை நடந்தது. ஓரிரு ஆண்டுகளில் நூல்கள் வண்டி வண்டியாக எரிக்கப்பட்டன. அகஸ்டின் காக்கச் சொன்னது பழைய ஏற்பாட்டைச் சுமக்கும் யூதனை; ரபிமாரின் நூலைப் பின்பற்றுபவன் அந்த யூதனே அல்ல என்ற எண்ணம் அதில் வலுப்பெற்றது.

இறையியல் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே நுழைந்தது கருவூலம். யூதர்கள் மன்னனின் உடைமையாகக் கருதப்பட்டார்கள். பெரும்பாலான தொழில்கள் அடைக்கப்பட்ட நிலையில் பலர் வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். மன்னன் வரிமேல் வரி போட்டு அந்தப் பணத்தைக் கறந்தான். கடனாளியின் வெறுப்பு மட்டும் யூதனுக்கு மிஞ்சியது. இங்கிலாந்தில் முதலாம் எட்வர்டு 1275இல் வட்டித்தொழிலையும் தடைசெய்தார். 1290 ஜூலை 18இல் வெளியேற்ற ஆணை வந்தபோது அவர்கள் வறியவர்களாகியிருந்தார்கள். எஞ்சியிருந்தவர்கள் இரண்டாயிரம், மூவாயிரம் பேர் இருக்கலாம். இந்த வெளியேற்றத்துக்குக் கைமாறாக அதே ஆண்டு நாடாளுமன்றம் மன்னருக்கு அனுமதித்த வரியில் ஏறத்தாழ 1,16,000 பவுண்டு வசூலானது. பிரான்சில் நான்காம் பிலிப் 1306இல் யூதர்களின் சொத்தைப் பறித்து விற்றதோடு, அவர்களுக்கு வரவேண்டிய கடன்களையும் தானே வசூலித்தார். 1315இல் அவர் மகன் பத்தாம் லூயி அவர்களைத் திரும்ப அழைத்தார்.

பிரான்சு 1394இல் மறுபடி விரட்டியபோது, போப்பாண்டவரின் ஆட்சியிலிருந்த அவிஞோனில் யூதர்கள் தொடர்ந்து வாழ்ந்தார்கள். ரோமாபுரியிலும் அப்படியே. பழைய போதனை, இழிவோடு சேர்த்தே ஆனாலும், அங்கே பிடிமானமாக நின்றது.

ஸ்பெயினின் காரணம் வேறு. 1391 கலவரங்களில் உயிருக்கு அஞ்சிப் பெருந்தொகையினர் மதம் மாறினார்கள். அவர்களுடைய புதிய நம்பிக்கை மெய்யானதுதானா என்ற ஐயத்திலிருந்து சமய விசாரணை மன்றம் பிறந்தது. யூதர்கள் அருகிலிருந்தால் மதம் மாறியவர்கள் பழைய வழிக்கே திரும்புவார்கள் என்பதே 1492 மார்ச் 31இல் ஆணையிட்ட பெர்டினாண்டும் இசபெல்லாவும் சொன்ன நியாயம். நம்பிக்கைக்குச் சான்றாக இருந்தவன் நம்பிக்கையைக் கெடுக்கும் தொற்றாகிவிட்டான். ஜூலை முடிவுக்குள் திருமுழுக்குப் பெற வேண்டும், அல்லது பொன், வெள்ளி, நாணயம் எதுவும் எடுக்காமல் வெளியேற வேண்டும். அரச சேவையிலிருந்த ஆபிரகாம் செனியோர் முதுமையில் திருமுழுக்குப் பெற்றார். அதே சேவையிலிருந்த ஐசக் அபிரவானல் நேப்பிள்சுக்குக் கப்பலேறினார்.

துரத்தப்பட்டவர்களுக்கும் ஒரு கேள்வி இருந்தது: இறைவன் இதை ஏன் அனுமதித்தார்? அபிரவானல் மீட்பர் வருகையின் அடையாளங்களை இந்த அழிவில் தேடி நூல்கள் எழுதினார். சாலமோன் இபின் வெர்கா, பாவத்துக்குத் தண்டனை என்ற பழைய விடையோடு நிற்காமல், மதவெறி, பொறாமை போன்ற மனிதக் காரணங்களையும் ஆராய்ந்தார். அந்தத் துணிவு இன்றும் வியக்கத்தக்கது. பதினாறாம் நூற்றாண்டில் கலிலேயாவின் சாஃபேத் நகரில் யூத மறைஞானி ஐசக் லூரியா, படைப்பின் தொடக்கத்திலேயே இறையொளி தாங்கிய கலங்கள் உடைந்தன, அதன் பொறிகள் உலகெங்கும் சிதறிக் கிடக்கின்றன என்று கற்பித்தார். நாடிழந்த துயரமே இந்தத் தத்துவமானது என்று இருபதாம் நூற்றாண்டு அறிஞர் கெர்ஷோம் ஷோலெம் விளக்கினார்; மோஷே இடெல் போன்ற பின்வந்த அறிஞர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை.

கிறிஸ்துவின் பாடுகளுக்கு யூதர் அனைவரையும் பொறுப்பாக்க முடியாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்தது. 1492 ஆணை செல்லாது என்று ஸ்பெயின் அரசு முறைப்படி அறிவித்தது 1968இல்.