பணயப் பொருள்

'உயிரைப் பணயம் வைத்தான்' என்று ஒருவனைப் புகழ்கிறோம். வைத்த பொருள் முழுக்க அவனுடையதுதானா என்று யாரும் விசாரிப்பதில்லை. கௌரவர் சபையில் திரௌபதி எழுப்பிய கேள்வி ஏறக்குறைய இதுதான். பீஷ்மரே பதில் சொல்லத் திணறிய கேள்வி. சூதாட்டத்தை விட்டுவிட்டு மலையேற்றத்திடம் இதைக் கேட்டுப் பார்த்தால் என்ன என்று சில நாட்களாக எனக்கு ஓர் எண்ணம்.

இங்கிலாந்தின் வடமேற்கில் 'லேக் டிஸ்ட்ரிக்ட்' என்று ஒரு பிரதேசம். பெயர் ஏரிகளுக்கு; பாதிப் பெருமை மலைகளுக்கு. அவற்றுள் மிக உயர்ந்த ஸ்கேஃபெல் பைக்கே 978 மீட்டர்தான். இமயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால், ஆளைக் கொல்ல இமயம் தேவையில்லை. மூடுபனியும் ஒரு வழுக்குப் பாறையும் போதும். 1886-ல் ஹாஸ்கெட் ஸ்மித் என்பவர் அங்கே 'நேப்ஸ் நீடில்' என்ற ஊசிப் பாறையின் உச்சிக்குத் தன்னந்தனியே ஏறி, வந்ததற்கு அடையாளமாகக் கைக்குட்டையை விட்டுவிட்டு இறங்கினார். அந்த நாட்டில் பாறையேற்றம் ஒரு விளையாட்டாக வளர்ந்ததே அதற்குப் பிறகுதான் என்பார்கள். அவர் பணயம் வைத்தது தம் கழுத்தை மட்டுமே என்று தோன்றுகிறது அல்லவா?

கழுத்தும்கூட ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. 1967 ஜனவரி 4-ஆம் தேதி கானிஸ்டன் ஏரியில் டொனால்ட் காம்ப்பெல் தம்முடைய 'புளூபேர்ட்' படகை மணிக்கு முந்நூறு மைலுக்கு மேல் ஓட்டினார். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு எழும்பி, குட்டிக்கரணம் போட்டு நொறுங்கியது. அதே ஏரியில் 1939-ல் சாதனை படைத்த தகப்பனாருக்குப் பிள்ளை அவர். உடல் கிடைத்தது 2001-ல். அவருக்கு ஒரு மகள் உண்டு. 34 வருஷம் ஒரு குடும்பத்துக்குச் சமாதி என்று ஓர் இடமில்லை, நீர்ப்பரப்புத்தான் இருந்தது. அந்த முப்பத்து நாலு வருஷத்தை யாருடைய கணக்கில் எழுதுவது?

குடும்பமாவது ரத்த பந்தம். முகம் தெரியாதவர்களின் சங்கதி வேறு. அந்த மலைகளில் யாராவது விழுந்தால், வழி தவறினால், தேடிப் போவதற்கு மீட்புக் குழுக்கள் இருக்கின்றன. அதில் இருப்பவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள், தொண்டர்கள். சம்பளமில்லை. காப்பாற்றப்பட்டவனிடம் காசும் கேட்பதில்லை. 2021 பிப்ரவரியில், கொரோனாத் தடை அமலில் இருந்தபோது, இரண்டு பேர் தடையை மீறி கிர்க்ஸ்டோன் கணவாய்ப் பக்கம் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். ராத்திரியில் ஒருவருக்கு நெஞ்சு வலி. செய்தி போயிற்று, தொண்டர்கள் இருட்டில் ஏறினார்கள். அவர்களில் ஒருவர் சரிவில் உருண்டு, முதுகெலும்பு சேதப்பட்டு, நடக்க இயலாதவரானார். தடையை மீறியவர்களுக்கு ஆளுக்கு இருநூறு பவுன் அபராதம். பொதுமக்கள் மனமுவந்து அந்தத் தொண்டருக்குப் பெரும் பணம் திரட்டிக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் சிநேகிதர் ஒருவர், ஓய்வு பெற்ற கணக்கதிகாரி, இதைக் கேட்டதும் கொதித்துப் போனார். "காசை முதலில் கட்டிவிட்டு ஏறச் சொல்லுங்கள், ஸார்! ஸ்விட்ஸர்லாந்தில் ஹெலிகாப்டர் வந்து தூக்கினால் பில் வருகிறதாமே, இங்கிலாந்துக்காரனுக்கு என்ன கேடு?"

நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால், கட்டணம் என்று வந்துவிட்டால் ஏழைப் பையன் உதவிக்குக் கூப்பிடாமல் பொழுதைக் கடத்துவான். இன்னும் ஒரு மணி நேரம், இன்னும் ஒரு மணி நேரம் என்று பார்த்துக்கொண்டே இருப்பான். பணம் கட்டியவனோ, தொண்டரைக் கூலியாளாக நினைத்துக்கொள்வான். இன்னொன்று: தேடிப் போகிறவர்களில் பெரும்பாலோர் தாங்களே மலைப்பித்துக் கொண்டவர்கள். அந்தச் சுகம் தெரிந்ததனால்தான், 'ஏன் ஏறினாய்?' என்று கேட்காமல் புறப்படுகிறார்கள். ஆபத்தை நாடுவது குற்றம் என்று அவர்களே சொல்லாதபோது, சாய்வு நாற்காலியில் இருந்துகொண்டு நான் சொல்வது அழகல்ல.

அலட்சியம் வேறு. டிசம்பரில் அங்கே நாலு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். அது தெரிந்தும், 'கைபேசி இருக்கிறது' என்ற தைரியத்தில் விளக்கில்லாமல், வழிப்படமில்லாமல் மதியத்துக்கு மேல் ஏறுகிறானே, அவனை நான் வீரன் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். பிறத்தியாருடைய முதுகெலும்பை வைத்து அவன் ஆடுகிறான். ஊசிப் பாறையில் ஏறியவருக்கு, கூப்பிட்டால் வர ஒருவரும் இல்லை என்பதாவது தெரிந்திருந்தது.

இப்படி வகை பிரித்துச் சொன்னபோது சிநேகிதர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தக் கூடாரத்து ஆசாமிகளிடம் விளக்கு இருந்திருக்குமே? நெஞ்சு வலி விளக்கைப் பார்த்துக்கொண்டா வருகிறது?" என்றார்.

"அன்று அவர்கள் அங்கே இருந்திருக்கவே கூடாதே. தடை இருந்ததே" என்றேன்.

"சரி ஸார். தடையில்லாத ஒரு ராத்திரியாக இருந்திருந்தால்?"