யாரை எழுப்புகிறோம்?

2017இல் சீமைக்கருவேல மரங்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருந்த சமயம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவிகளோடு இராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தேன். பதாகை வாசகங்களை நான்தான் எழுதினேன்; தமிழாசிரியைக்கு எங்கே போனாலும் கிடைக்கும் வேலை அது. 'கருவேலம் ஒழிப்போம், கண்மாய் காப்போம்' என்று மோனை பார்த்து எழுதியிருந்தேன்.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பெண்கள். ஆண்கள் டீக்கடையோரம் நின்றார்கள். நான் பேசி முடித்ததும் வயதான அம்மா ஒருவர் கேட்டார்: "மரத்த வெட்டுங்க டீச்சரம்மா, வேணாங்கல. நாளைக்கு அடுப்புல எத வைக்க?"

சிலிண்டர் இருக்கிறதே என்றேன்.

"இருக்கு. தீந்து மூணு மாசமாச்சு."

மாணவிகள் சிரித்துவிட்டார்கள்.

அந்த மரத்துக்காக நான் வாதாட வரவில்லை. கண்மாயின் உள்வாயை அடைத்து, வரத்துக்கால்களை மறித்து நிற்கிறது அது. ஆனால் விறகுக்காக அரசே பரப்பிய மரமும் அதுதான். மழை பொய்த்த ஆண்டுகளில் கரிமூட்டம் போட்டுக் குடும்பங்கள் பிழைத்ததும் அதை வைத்துத்தான். வெட்டுவது சரி என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சரியான காரியத்துக்கு யார் விலை கொடுப்பது? என் பதாகையில் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

'விழிப்புணர்வு ஊட்டுதல்' என்கிறோம். ஊட்டுபவர் விழித்திருக்கிறார், மற்றவர் தூங்குகிறார் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வீட்டில் முதலில் எழுந்து கடைசியில் படுப்பவர்களிடம் போய், விழித்துக்கொள்ளுங்கள் என்றோம். எந்த மடை கசிகிறது, கோடையில் எந்த ஊற்றில் ஒரு குடம் தேறும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். நூறுநாள் வேலையில் கண்மாய் மண்ணை அள்ளியவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அவர்களிடம் இல்லாதது பட்டா. 2000ஆம் ஆண்டின் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டப்படி, நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் உறுப்பினராக ஆயக்கட்டில் நிலம் இருக்க வேண்டும். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று உங்கள் வீட்டுப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். (என் வீட்டில் என் பெயரில் இருந்தது முனைவர் பட்டச் சான்றிதழ் மட்டும்தான்.) கூலிக்கு நாற்று நடுபவளும், ஆடு மேய்ப்பவளும், தலைமுறைகளாக நிலமே இல்லாத தலித் பெண்ணும் அந்தக் கண்மாயை நம்பித்தான் வாழ்கிறார்கள். சங்கத்தின் கணக்கில் அவர்கள் நீரைப் பயன்படுத்துவோர் அல்லர்.

உரிமை தராத இடத்தில் பொறுப்பை மட்டும் கேட்கலாமா? கேட்கத்தான் வேண்டும், நீதி வரும்வரை கண்மாய் காத்திருக்காது என்று எனக்குள்ளேயே ஒரு குரல் சொல்கிறது. அதைப் பொய் என்று தள்ள என்னால் முடியவில்லை. ஆனால் இந்த அவசரம் ஒவ்வொரு முறையும் ஒரே ஆளின் தலைச்சுமையில்தான் போய் ஏறுகிறது.

மறு ஆண்டு பதாகை இல்லாமல் போனோம். பெண்கள் சொல்லச் சொல்ல மாணவிகள் எழுதினார்கள். இந்த வருஷம் பாதிக் கண்மாயில் மட்டும் வெட்டலாம். கரையில் நாட்டுக்கருவேலம் வைக்கலாம். அது விறகுக்கு ஆகும்வரை மீதிப் பாதி நிற்கட்டும். எல்லோரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்த மனுவை அலுவலகத்தில் கொடுத்தோம். வாங்கியவர் புரட்டிப் பார்த்துவிட்டு, மனுதாரர்களின் சர்வே எண் எங்கே என்று கேட்டார்.