நடந்து வருபவருக்கு இடும் சோறு

என் அக்கா மகன் பின்லாந்தில் வேலை பார்க்கிறான். அங்கே கோடையில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, துர்கு நகரத்தை ஒட்டிக் கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளில் நண்பர்களோடு நடந்துவிட்டு வந்தான். வந்ததும் போன் செய்தான். நடந்த வழியும் சாப்பிட்ட சாப்பாடும்தான் பேச்செல்லாம். தீவுக்குத் தீவு மஞ்சள் படகுகள் போகின்றனவாம். சாலையின் தொடர்ச்சியாகவே அவற்றை அரசு நடத்துவதால் காசு கிடையாது. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. புகையில் வாட்டிய மீன், சதகுப்பைக் கீரை போட்டு அவித்த புது உருளைக்கிழங்கு, கருப்பாக லேசாக இனிக்கும் தீவுவாசிகளின் ரொட்டி. கடலுக்குப் போகிறவர்கள் கையோடு கொண்டுபோவதற்கு ஏற்றபடி பல நாள் கெடாமல் இருக்கும் ரொட்டி அது. நடக்கும்போது பாதையோரச் செடிகளில் இருந்து நீலப் பழங்களைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டே போனார்களாம்.

“யார் தோப்புடா அது?” என்று கேட்டேன்.

“யாரோடதோ மாமா. நடக்கலாம், பழம் பறிக்கலாம், ராத்திரி கூடாரம் போட்டுத் தூங்கலாம். யாரையும் கேட்க வேண்டாம். வீட்டு வாசலை ஒட்டிப் போகக் கூடாது, பயிரை மிதிக்கக் கூடாது, அவ்வளவுதான்” என்றான். பிறகு ஒரு கேள்வி கேட்டான். “நம்ம ஊர்ப் பக்கம் இப்படி நாலு நாள் நடந்துக்கிட்டே, அங்கங்க கிடைக்கிறதைச் சாப்பிட்டுக்கிட்டே போக முடியுமா?”

பின்லாந்து எங்களுக்குக் கேள்விப்படாத தேசம் அல்ல. 2006இல் அந்த நாட்டு நோக்கியாவின் ஆலை வந்தது எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில்தான். 2014இல் ஆலை நிற்கும்வரை, விடியும் முன்பே பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நாட்டு மனிதர்கள் கோடையில் எப்படி வாழ்கிறார்கள் என்று யோசித்ததில்லை. அவன் கேட்ட பிறகு யோசித்தேன். ஒருவர் காலால் நடந்து வந்தால் ஓர் ஊர் அவரை எப்படி ஏற்றுக்கொள்கிறது? அவருக்கு வழி உண்டா, சோறு உண்டா? ஓர் ஊரின் குணத்தை இதைவிடச் சரியாகக் காட்டும் கேள்வி எனக்குத் தெரியவில்லை.

இதற்குக் காஞ்சிபுரம் ஈராயிரம் ஆண்டுக்கு முன்னால் பதில் வைத்திருந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, பத்துப்பாட்டில் ஒன்று, 500 அடி. கச்சியை, அதாவது காஞ்சியை, ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெற்று வரும் பாணன், வழியில் கண்ட வறிய பாணனுக்கு அந்த ஊருக்குப் போகும் வழியைச் சொல்கிறான். அரசனைப் புகழ்வதுதான் பாட்டின் நோக்கம். ஆனால் வழி நெடுக அவன் சொல்வது சாப்பாட்டைப் பற்றி. வேட்டுவரான எயினர் குடிசையில் புல்லரிசிச் சோறும் உப்புக்கண்டமும் தேக்கிலையில் கிடைக்கும். இடையர் சேரியில் தினைச்சோறும் பாலும். முல்லை நிலத்து உழவர் வீட்டில் வரகுச்சோறும் அவரைப் பருப்பும். வயல் ஊருக்கு வந்தால் வெள்ளை நெல்லுச் சோறு, வீட்டில் வளர்ந்த கோழி. கரும்பாலையில் சாறு, வலைஞர் குடியிருப்பில் மீன். அந்தணர் வீட்டில் மாதுளங்காயை வெண்ணெயில் வாட்டி, மிளகும் கறிவேப்பிலையும் கூட்டி, மாவடு ஊறுகாயோடு போடுவார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் ஒன்று என்னை நெகிழ வைக்கிறது. எந்த வீட்டுச் சோற்றையும் அந்தப் பாணன் மட்டமாகச் சொல்லவில்லை. உவர்க் கிணற்று நீரில் பொங்கிய புல்லரிசிக்கும் வெண்ணெய் மணக்கும் சோற்றுக்கும் ஒரே மரியாதை. அந்த நிலத்தில் அதுதான் விளைகிறது, அவர்கள் அதைத்தான் தின்கிறார்கள், உனக்கும் அதைத்தான் தருவார்கள், உட்கார்ந்து சாப்பிடு. நடந்து போகிறவனுக்கு மட்டுமே நிலம் இப்படி இலைக்கு இலை மாறி வரும். காரில் ஒன்றரை மணி நேரத்தில் சென்னையிலிருந்து வந்து, சேலை எடுத்து, ஏகாம்பரநாதரைக் கும்பிட்டு, ஓட்டலில் சாப்பிட்டுத் திரும்புகிறவர்களுக்குக் காஞ்சிபுரம் காட்டுவது ஒரு முகத்தை மட்டும்தான்.

அப்படி நடக்கும் வழக்கம் செத்துவிடவில்லை. சித்திரா பௌர்ணமிக்கு எங்கள் வரதராஜப் பெருமாளே நடந்துதான் காட்டுகிறார். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு, செவிலிமேடு வழியாகப் பாலாற்றைத் தாண்டி, தூசி முதலான ஊர்களில் மண்டகப்படிக்கு நின்று நின்று, ஐயங்கார்குளத்துக்குப் போகிறார். அங்கே சஞ்சீவிராயர் கோயில் இருக்கிறது. விஜயநகர காலத்தில் லட்சுமிகுமார தாத்தாச்சாரியார் கட்டியது. பக்கத்தில் கடல் போல ஒரு குளம், சற்றுத் தள்ளி நடவாவிக் கிணறு. ஆண்டு முழுக்க நீருக்கடியில் கிடக்கும் கிணற்று மண்டபத்தை, நீரை இறைத்து வெளியே கொண்டுவந்து, பெருமாளைப் படியிறக்கி எழுந்தருளப் பண்ணுவார்கள். பிறகு பாலாற்று மணலுக்கு வருகிறார்.

சித்திரை வெயிலில் இது நடக்கிறது. பின்லாந்துக்காரர்களுக்குக் கோடை என்றால் வெளியே ஓடி வரும் காலம், நமக்கு உள்ளே ஒடுங்கும் காலம். அப்படியிருந்தும் நம் முன்னோர் ஊர் நடக்கும் திருவிழாவைச் சித்திரையிலும் வைகாசியிலும் வைத்திருக்கிறார்கள். அறுவடை முடிந்து வயல் சும்மா கிடக்கிறது, ஆறு வற்றி நடக்க வழி விடுகிறது, நிலா இருக்கிறது. வெயில் தாழ்ந்ததும் நடை, வெயில் ஏறினால் நிழல். பருவத்தை எதிர்க்காமல் அதற்குள்ளேயே வழி கண்ட திட்டம் இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஊர்வலத்தோடு நடந்தவர்களுக்குத் தெரியும், வழியில் ஒருவரும் பசித்திருக்க முடியாது. பந்தலுக்குப் பந்தல் நீர்மோர், பானகம், வெள்ளரிப்பிஞ்சு, விசிறி. பெரிய அண்டாவில் புளியோதரை. “சாமி, ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க” என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுவார்கள். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் ஒருவர் ஒருமுறை என்னோடு நடந்தார். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்க மிதியை மிதிப்பவர். “மிதிக்கிற காலு வருசம் பூரா ஒரே எடத்துல கெடக்குதுங்க. இன்னிக்குத்தான் அதுக்கும் ஊரு தெரியுது” என்றார். அவர் மடியில் ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தால் குடலை இட்லித் துண்டுகள்.

அந்த இட்லியைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். பச்சரிசியையும் உளுந்தையும் கரகரப்பாக அரைத்துப் புளிக்க வைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேக வைக்கிறார்கள். வெந்ததும் குடலையைக் கவிழ்த்தால் ஒரு முழ உயரத்துக்கு இலையின் நரம்பு பதிந்து நிற்கும். கத்தியால் வில்லை வில்லையாக அறுக்க வேண்டும். வெள்ளை இட்லியின் மெத்தென்ற சுகம் இதில் கிடையாது. சற்றுக் கெட்டி, விண்டால் பொடிப்பொடியாக உதிரும், மிளகு நாக்கில் தட்டும், பின்னால் சுக்கு தொண்டையில் ஏறும். வரதருக்குக் காலையில் அமுது செய்விக்கும் பிரசாதம் என்பதால் எல்லோரும் அதைக் கோயில் கணக்கில் எழுதிவிட்டார்கள். நடக்கிறவன் கையில் அதைப் பாருங்கள். சுக்கும் மிளகும் புளிப்பும் நெய்யும் சேர்ந்ததால் மறுநாளும் கெடாது, தொட்டுக்கொள்ள ஒன்றும் வேண்டாம், வெயிலில் வயிற்றைக் கெடுக்காது. அந்தத் தீவுக்காரர்களின் கருப்பு ரொட்டியும் இதுவும் ஒரே தேவையில் பிறந்தவை.

பாலாற்றைத் தாண்டினால் கூழ். வட தமிழ்நாட்டின் கோடைச் சாப்பாடு இதுதான், இட்லி அல்ல. கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவிட்டு, கொதிக்கும் நொய்யில் ஊற்றிக் கிளறி, ஆற வைத்து, காலையில் மோரும் உப்பும் விட்டுக் கையால் கரைப்பார்கள். தூசிப் பக்கம் புளியமரத்தடியில் வண்டி போட்டிருந்த ஓர் அம்மாவிடம் குடித்தேன். சொம்பைக் கொடுப்பதற்கு முன் என் முகத்தைப் பார்த்து, “எவ்ளோ தூரம்யா நடந்து வர்ற?” என்று கேட்டார். காஞ்சிபுரத்திலிருந்து என்றதும் கூழை இன்னும் கொஞ்சம் நீர்க்கக் கரைத்து, உப்பை ஒரு கல் கூட்டினார். நடந்து வேர்த்தவனுக்குக் கெட்டிக் கூழ் ஆகாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சின்ன வெங்காயமும் மாங்காய்க் கீற்றும் மோர்மிளகாயும் தனித்தட்டில். அங்கிருந்து மாமண்டூர் ஏரிக்கரை கூப்பிடு தூரம். மகேந்திரவர்மன் காலத்துக் குகைக்கோயில்கள் அந்தக் குன்றில் இருக்கின்றன. வயிற்றில் கூழோடு அந்தக் கரையில் நடப்பது எனக்குத் தெரிந்த பெரிய சந்தோஷங்களில் ஒன்று.

ஆக, முடியுமா என்ற கேள்விக்கு முடியும் என்று பதில் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. காரணம், இந்த வழியிலேயே நடந்த இன்னொரு கதை.

செவிலிமேட்டில் சாலைக்கிணறு இருக்கிறது. விந்தியக் காட்டில் வழி தப்பிய இளம் வயது ராமானுஜரை ஒரு வேடனும் வேடுவச்சியும் அழைத்து வந்ததாகவும், அவர்கள் தாகத்துக்குத் தண்ணீர் கேட்க, அவர் இந்தக் கிணற்றில் முகந்து கொடுத்ததாகவும், பிறகு ஆளைக் காணாமல் நிமிர்ந்து பார்த்தபோது காஞ்சிக் கோபுரம் தெரிந்ததாகவும் வைணவ மரபு சொல்லும். வந்தவர்கள் வரதரும் தாயாரும். அதன்பின் நாள்தோறும் அந்தக் கிணற்று நீரைச் சுமந்து நடந்து பெருமாளுக்குக் கொடுத்தார் ராமானுஜர். இதே காஞ்சியில்தான் மற்றதும் நடந்தது. பெருமாளுக்கு விசிறி வீசும் திருக்கச்சி நம்பிகளைத் தம் வீட்டில் உண்ண அழைத்தார். நம்பிகள் பிராமணர் அல்லர். அவரை அழைத்துவர ராமானுஜர் ஒரு தெரு வழியே போக, நம்பிகள் வேறொரு தெரு வழியே வந்து, உண்டு, சென்றுவிட்டார். மிச்சம் இருந்த சோற்றை மனைவி தஞ்சமாம்பாள் வெளியே கொடுத்துவிட்டு, இடத்தைக் கழுவி, குளித்து நின்றார். அவர் உண்ட மிச்சத்தைத் தாம் உண்ண வேண்டும் என்று ஆசைப்பட்டவர் திரும்பி வந்து பார்த்தது கழுவிய தரையை.

நம் அன்னதானத்தின் பெருமையைப் பேசும்போதெல்லாம் இந்தக் கழுவிய தரையையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் எண்ணம். இடும் கை பெரியதுதான். ஆனால் அது இலை போடும்முன் முகத்தைப் பார்க்கும், சில ஊர்களில் சாதியைக் கேட்கும், எந்தத் தெருவழியாக வந்தாய் என்று பார்க்கும். திருவிழா நாளில் “சாமி” என்று கூப்பிடும் அதே ஊரில், சாதாரண செவ்வாய்க்கிழமை தோளில் பையோடு ஒரு பெண் தனியாக நடந்து வந்தால் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். பின்லாந்தில் வழிப்போக்கரை ஒருவரும் பந்தல் போட்டு உபசரிக்கவில்லை. என் மருமகனை யாரும் கூப்பிட்டு மோர் கொடுக்கவில்லை. ஆனால் அவன் யார் என்றும் ஒருவரும் கேட்கவில்லை. காடு அவனுக்கும் திறந்திருந்தது. நெடுநாள் வழக்கமாக இருந்து சட்டங்களில் வேர் பிடித்த உரிமை அது. நமக்குக் கொடை இருக்கிறது, அவர்களுக்கு உரிமை இருக்கிறது. கொடை கொடுப்பவர் மனசைப் பொறுத்தது. உரிமை இருந்தால், மனசு இல்லாதவர் ஊரிலும் நடக்கலாம்.

இரண்டும் வேண்டும் என்று நான் கேட்கிறேன். இரண்டில் கொடையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அது நம் ரத்தத்தில் இருக்கிறது. வழிதான் போய்க்கொண்டிருக்கிறது. வேகவதிக் கரையில் நடக்க இடமில்லை. பாலாற்றில் மணல் அள்ளிய பள்ளங்கள். 2021 நவம்பரில் வெள்ளம் இரு கரை தொட்டு வந்தபோது மொத்த ஊரும் போய்ப் பார்த்தது, ஆறு இன்னும் ஆறுதான் என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது. தண்ணீர் வடிந்ததும் கரையில் நடப்பவர் மறுபடி யாருமில்லை. செய்யாறு சாலையின் ஓரத்தில் லாரிக் காற்று தள்ளத் தள்ள நடப்பதை நடை என்று சொல்ல முடியாது.

இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன். கிராம வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். வண்டிப்பாதை, ஏரிக்கரை, வாய்க்கால் புறம்போக்கு என்று சர்வே எண்ணோடு கோடுகள் இருக்கும். ஊருக்கு ஊர் அந்தக் கோடுகளைச் சேர்த்தால் செவிலிமேட்டிலிருந்து ஏரி ஏரியாகத் தொட்டு நடக்க ஒரு வழி கிடைக்கும் என்று நம்புகிறேன். அவை எல்லோருக்கும் பொதுவானவை, இன்ன சாதிக்கு என்று எழுதி வைத்தவை அல்ல. நிலத்தில் போய்த் தேடினால் சில பயிருக்குள் போயிருக்கின்றன, சில வேலிக்குள். அவற்றை அளந்து கல் நடச் சொல்லிக் கேட்கும் இடம் கிராம சபை. மே 1 அன்று அது கூடுகிறது, சித்திரா பௌர்ணமியை ஒட்டியே. பந்தல் போட்டு மோர் ஊற்றுகிறவர்கள் அதே பருவத்தில் அங்கேயும் போய் ஒரு தீர்மானத்துக்குக் கை தூக்கலாம்.