இரண்டு பரண்கள்

ஓசூரிலிருந்து கெலமங்கலம் போகும் வழியில் மூன்று வகைப் பலகைகள் மாறி மாறிக் கண்ணில் படும். வீட்டு மனை விற்பனைக்கு, பெண்கள் விடுதி சாப்பாட்டுடன், பண்ணைத் தங்கல். முதல் இரண்டும் பளீரென்று பிளக்ஸில் இருக்கும். மூன்றாவது மட்டும் பழைய மரப்பலகையில், கையால் எழுதியதுபோல, வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக இருக்கும். அந்தக் கோணலுக்குத்தான் காசு.

அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி வந்துவிட்டால் பெங்களூர்க்காரர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் கிராமம் கிடையாது. தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் என்று எல்லையோர ஊர்களில் ஓட்டு வீடு, கயிற்றுக் கட்டில், விறகடுப்புச் சாப்பாடு என்று வார இறுதிக்கு வாடகைக்கு விடும் பண்ணைகள் முளைத்திருக்கின்றன. பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழன் என்ற முறையில் நானும் போய்த் தங்கியிருக்கிறேன். குளிர்காலத்தில் போனேன், வெயிலில் போனேன், நண்பர்களோடு போனேன், தனியாகவும் போனேன். இப்படித் தங்குவதில் என்னதான் இருக்கிறது என்று யாராவது நேராகக் கேட்டால் நேரான பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அமைதி. விளம்பரத்தில் அதுதான் பெரிய எழுத்தில் இருக்கும். கெலமங்கலத்துக் காற்றில் அமைதி இல்லை. விடியற்காலையில் கோவில் ஒலிபெருக்கி பாட ஆரம்பிக்கும். கல் குவாரி லாரிகள் போகும். தூரத்தில் சேலம் பாதை ரயில் கூவும். கொய்மலர்க் குடில்களில் மருந்தடிக்கும் மோட்டார் ஓடும். நாய்கள் ராத்திரியெல்லாம் ஏதோ ஒரு வழக்கை விசாரித்துக்கொண்டே இருக்கும். கிராமம் வேலை செய்கிற இடம், அங்கே சத்தம் இருக்கத்தான் செய்யும். அமைதி வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை மதியம் எலக்ட்ரானிக் சிட்டி அலுவலக வளாகத்துக்குள் போய் உட்காரலாம். மெத்தையில் ஈர வாடை, குளியலறைச் சுவரில் பல்லி, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் புகை ஆகியவற்றைக் குறையாகச் சொல்ல மாட்டேன். அவை இல்லாத இடம் வேண்டுமென்றால் ஓசூரிலேயே நல்ல ஓட்டல்கள் இருக்கின்றன.

நிஜமாகவே கிடைப்பவை இரண்டு. ஒன்று குளிர். கடல் மட்டத்திலிருந்து எண்ணூறு மீட்டருக்கு மேல் இருக்கிற இந்த மேட்டு நிலத்தில் மார்கழி ராத்திரி உடம்பைப் பிடித்து உட்கார வைத்துவிடும். இன்னொன்று களி.

களி கிண்டுவதை நான் அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா (ஊர்ப் பேச்சில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் வரும், அக்கா என்ற சொல் மூன்றிலும் செல்லும்) பானையில் தண்ணீர் கொதித்ததும் ஒரு பிடி நொய்யைப் போட்டார். அது குழைந்த பிறகு ராகி மாவை நடுவில் குன்றாகக் கொட்டி, கிளறாமல் அப்படியே வேகவிட்டார். பிறகு பானையை இறக்கி, இரண்டு கால்களுக்கும் இடையில் துணியோடு அணைத்துக்கொண்டு, துடுப்பை இரு கையாலும் பிடித்து உடம்பு மொத்தத்தையும் போட்டுக் கிண்டினார். தோள் இறங்கி ஏறியது. வியர்த்தது. பக்கத்தில் நின்ற என் சக விருந்தாளி ஒருவர் அதைப் படம் பிடித்துக்கொண்டே, "நானும் ஒரு தடவை கிண்டட்டுமா?" என்று கேட்டார். அக்கா சிரித்துக்கொண்டே துடுப்பைக் கொடுத்தார். நாலு சுற்றில் அவருக்கு மூச்சு வாங்கியது, படம் எடுத்தாகிவிட்டது, துடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அக்கா மாவு கட்டி தட்டிவிட்டதா என்று பார்த்தார். தட்டியிருந்தது. மறுபடி முதலிலிருந்து கிண்டினார். அவரைக்காய்க் குழம்போடு அந்தக் களி அமிர்தம்தான், அதில் சந்தேகமே இல்லை.

ராகிக் காட்டுக்கு நடுவில் அவரையைச் சாலில் விட்டு ஊடுபயிராகப் போடுவது இந்தப் பக்கத்து வழக்கம். மழையை நம்பிய விவசாயம். ஐப்பசி கார்த்திகையில் கதிர் முற்றுகிற நேரத்துக்குச் சரியாக யானைகளும் வந்து சேரும். பன்னர்கட்டாக் காட்டிலிருந்து கிளம்பி ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் வழியாகக் கூட்டம் கூட்டமாக வந்து, சானமாவு, கெலமங்கலம் பக்கத்துச் சிறு காடுகள் வரை இறங்கிவிடும். பகலில் காட்டில், ராத்திரி ராகியில். அரசு 2014-இல் காவிரி வடக்கு வனஉயிரினச் சரணாலயத்தையும், 2022-இல் காவிரி தெற்கு சரணாலயத்தையும் அறிவித்தது. யானைக்குச் சரணாலய எல்லையும் தெரியாது, மாநில எல்லையும் தெரியாது. முற்றிய ராகியின் வாசம் நன்றாகத் தெரியும். வனத்துறைக்காரர்கள் ஒலிபெருக்கி கட்டிய வண்டியில், யானை இருக்கிறது, இரவில் வெளியே வராதீர்கள் என்று சொல்லிக்கொண்டு போவார்கள். ஒரு கூட்டம் ஒரு ராத்திரி இறங்கினால் ஒரு குடும்பத்தின் வருஷத்துக் களி, மாட்டுத் தீவனம் இரண்டும் மிதிபட்டுப் போகும்.

நான் தங்கிய பண்ணையில் ஒரு பரண் கட்டியிருந்தார்கள். சவுக்குக் கம்பு, மேலே கூரை, ஏறுவதற்கு வளையாத நல்ல ஏணி, மெத்தை விரித்த மேடை, மஞ்சள் விளக்குச் சரம். காலைக் காப்பியை அங்கே கொண்டுவந்து தருவார்கள். அங்கிருந்து பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம், அடுத்தவர் ராகிக் காட்டில், இன்னொரு பரண் தெரியும். மரத்தின் கவட்டையில் நாலு கட்டையை வைத்துக் கட்டி, மேலே பழைய உரச்சாக்கைப் போர்த்தியது. ராத்திரி அதில் ஒரு பெரியவர் ஏறிப் படுப்பார். படுப்பார் என்பது பேச்சுக்கு. டார்ச்சை வைத்துக்கொண்டு, தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு, பக்கத்துக் காட்டுக்காரரோடு குரல் கொடுத்துக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருப்பார்.

அன்று ராத்திரி எங்கள் பரணில் பாட்டும் சிரிப்புமாக இருந்தபோது அக்காவின் வீட்டுக்காரர் வந்தார். "சார், லைட்டெல்லாம் அணைச்சுட்டு உள்ள போய்டுங்க. பக்கத்துல யானை நிக்குதாம்." கூட வந்தவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யானையைப் பார்க்கலாமா, எவ்வளவு தூரத்தில், டார்ச் அடிக்கலாமா? அவர் பொறுமையாகத்தான் சொன்னார். "பாக்கறதுக்கு இல்ல சார். அது போறதுக்குத்தான் வேண்டிக்கணும்."

இரண்டு பரணுக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான். இந்தப் பக்கத்தில் விழித்திருப்பது பொழுதுபோக்கு, அந்தப் பக்கத்தில் அதுவே பிழைப்பு. நமக்கு இது புதிதும் அல்ல. சங்கப் பாடல்களில் குறிஞ்சித் திணையைப் படித்தவர்களுக்குத் தினைப்புனக் காவலும், பரணில் இருந்து கிளியோட்டும் பெண்ணும், தீக்கொள்ளி காட்டி யானையை விரட்டுகிற கானவனும் தெரியும். நாம் பாடம் நடத்தும்போது பெண்ணின் காதலைப் பேசுவோம், கானவனின் தூக்கத்தைப் பேச மாட்டோம். அழகாக இருப்பதை எடுத்துக்கொண்டு அலுப்பாக இருப்பதை விட்டுவிடுகிற பழக்கத்துக்கு வயசு அதிகம். பிரான்சில் மரி அந்துவானெத் அரசி 1783 முதல் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் தனக்கென்று ஒரு குட்டிக் கிராமமே கட்டிக்கொண்டாள். குடிசைச் சுவர் புதிதாகத் தெரியக்கூடாது என்று அதில் விரிசல் வரைந்தார்கள். உள்ளே சொகுசு, வெளியே விரிசல். கோணல் எழுத்துப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வர்ணம் பூசிய விரிசல் ஞாபகம் வரும்.

கெலமங்கலம் விருந்தாளிகளைப் பார்க்காத ஊர் இல்லை. 1799 மார்ச்சில் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிப் புறப்பட்ட ஜெனரல் ஹாரிஸின் ஆங்கிலேயப் படை இங்கேதான் வந்து தங்கித் திரண்டது. ஆயிரக்கணக்கான சிப்பாய்கள், அவர்களைவிட அதிகமாகப் பொதிமாடுகள். அப்போது இந்த ஊர்க்காரர்கள் தங்கள் வைக்கோல்போரை என்ன கணக்கில் பார்த்திருப்பார்கள் என்று யோசித்தால் யானைக்கூட்டம் பரவாயில்லை என்று தோன்றுகிறது.

இப்போது வந்திருக்கிற பெரிய விருந்து வேறு. மொபெட், லாரி, கைக்கடிகாரம் என்று எண்பதுகளில் ஓசூரோடு நின்ற தொழிற்சாலைகள் கெலமங்கலம், உத்தனப்பள்ளிப் பக்கம் வரை வந்துவிட்டன. டாடா எலக்ட்ரானிக்ஸின் பெரிய ஆலை இங்கேதான் இருக்கிறது. 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ், ஓசூர் அருகே ஐபோன் தயாரிப்புக்கு அறுபதாயிரம் பேருக்கு வேலை கிடைக்கும் என்றார். அதில் முதல் ஆறாயிரம் பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் என்றும் சொன்னார். அந்தப் பெண்கள் தங்குவதற்குத்தான் அந்த இரண்டாவது வகைப் பலகை. நாங்கள் காசு கொடுத்து வாங்குகிற ஓட்டுக்கூரையும், கோழி கூவும் காலையும், விறகுப் புகையும் அவர்கள் ஊரில் தாராளமாக இருந்திருக்கும். அதை விட்டுவிட்டுத்தான் கட்டில் மேல் கட்டில் போட்ட அறைக்கு வந்திருக்கிறார்கள். சம்பளம் வருகிறதே. ஒரே சாலையில் ஒரு கூட்டம் கிராமத்தைத் தேடிப் போகிறது, இன்னொரு கூட்டம் கிராமத்திலிருந்து தப்பி வருகிறது. சனிக்கிழமை சாயங்காலம் ஷிப்ட் பஸ்ஸும் எங்கள் காரும் ஒரே டீக்கடையில் நிற்கும்.

கிராமத்தை யார் விரும்பலாம் என்பது, எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்ற வசதி யாருக்கு இருக்கிறது என்பதோடு சேர்ந்த விஷயம் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை அலுவலகம் இருப்பதால்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை களி இனிக்கிறது. என் அப்பாவுக்கு இது புரியாது. தர்மபுரிப் பக்கம் வானம் பார்த்த மண்ணில் பிறந்து, களியைத் தவிர வேறில்லாத வருஷங்களைப் பார்த்தவர் அவர். வேலை கிடைத்த பிறகு வீட்டில் களி கிண்ட விட்டதே இல்லை. நான் பணம் கட்டிப் போய்க் களி சாப்பிட்டு வந்தேன் என்று சொன்னால், என்னிடம் பணம் அதிகமாகிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார்.

அதற்காகப் போகாமல் இருக்க வேண்டுமா? நான் அப்படி நினைக்கவில்லை. குற்ற உணர்ச்சியால் யாருக்கும் ஒரு ரூபாய் வரும்படி இல்லை. விருந்தாளி தருகிற காசில் அக்காவின் குடும்பம் நடக்கிறது. ராகி விலையை நம்பி இருந்திருந்தால் அவர்களும் இதற்குள் தொழிற்சாலை வாசலில் நின்றிருப்பார்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: அங்கே விவசாயம் நடக்கிறதா, விவசாயம் மாதிரி ஏதோ நடக்கிறதா?

இத்தாலிக்காரர்கள் இதை 1985-லேயே சட்டமாக எழுதிவிட்டார்கள். பண்ணையில் விருந்தினரைத் தங்க வைக்கலாம், ஆனால் அதை விவசாயிதான் செய்ய வேண்டும், பயிரும் மாடும் முதல் தொழிலாக இருக்க வேண்டும், விருந்தோம்பல் அதற்குத் துணையாக இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். மகாராஷ்டிரத்தில் பாராமதிப் பக்கம் பாண்டுரங்க தாவரே 2005 வாக்கில் விவசாயிகளைச் சேர்த்து இதே தொழிலைத் தொடங்கினார். அந்த மாநிலம் 2020-இல் வேளாண் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. தமிழ்நாடு 2023-இல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கை சுற்றுலாவுக்குத் தொழில் அந்தஸ்து கொடுத்தது. நல்லதுதான். ஆனால் கெலமங்கலம் மாதிரி இடத்தில், நிலத்தின் விலை ராகியால் நிர்ணயமாகாத ஊரில், எது பண்ணை, எது பண்ணை வேஷம் போட்ட ரிசார்ட் என்று பிரித்துச் சொல்ல யாராவது இருக்க வேண்டும். ஆயிரம் அடி ஆழத்துக்குப் போர் போட்டு நீச்சல் குளம் நிரப்புகிற இடமும் பலகையில் "பண்ணை" என்றுதான் எழுதிக்கொள்கிறது. நீச்சல் குளத்தைப் பார்த்தால் நான் வண்டியைத் திருப்பிவிடுவேன். என் சொந்தச் சட்டம் அவ்வளவுதான்.

இன்னொன்றும் பார்ப்பேன், அந்த இடம் எனக்காக எவ்வளவு வளைகிறது என்று. கதிர் அறுப்பு நேரம், ஆள் இல்லை, வராதீர்கள் என்று சொல்லக்கூடிய பண்ணை எனக்குப் பிடிக்கும். யானை நிற்கிறது, விளக்கை அணை என்று சொல்கிற வீட்டுக்காரர் பிடிக்கும். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு நட்சத்திரத்தைக் குறைப்பார் என்று பயந்து, பாட்டு பாடட்டும் என்று விட்டுவிடுகிற இடம் ஆபத்தானது, அங்கே பக்கத்துக் காட்டுப் பெரியவருக்கும் மரியாதை இல்லை. எங்கள் குழுவில் ஒருவர் அன்று அப்படித்தான் நட்சத்திரத்தைக் குறைத்துப் போட்டார். இருட்டில் உட்கார வைத்துவிட்டார்களாம்.

மறுநாள் கிளம்பும்போது அக்கா ஒரு பையில் அவரைக்காய் போட்டுக் கொடுத்தார். அதற்குக் கணக்கு இல்லை. காரில் ஏறப் போகும்போது, "சார், ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றார். மகனுக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்திருக்கிறதாம், ரூம் பார்க்க வேண்டுமாம். "உங்க பக்கம் வாடகை எப்படிங்க?"

சொன்னேன். ஒரு சின்ன ரூமே எட்டாயிரம் ஆகும், அட்வான்ஸ் பத்து மாசம் கேட்பார்கள் என்றேன்.

"எண்பதாயிரமா? தங்கறதுக்கா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "கறவை மாடே வாங்கிடலாம் போலிருக்குது." வீட்டுக்காரர் மாட்டைப் பற்றிப் பேசவில்லை. அந்த ரூமில் தண்ணீர் வருமா என்று கேட்டார்.